பத்தாயிரத்து எண்பது பங்கு: ராமானுஜனின் பட்டியலில் கடைசி எண்

தைப்பூசக் காவடிக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தில் இலைக் கணக்குப் பார்ப்பது ஒவ்வொரு ஆண்டும் என் வேலை. மொரீஷியஸில் காவடி நாள் அரசு விடுமுறை. பத்து நாள் விரதமிருந்து காவடி எடுத்தவர்களும், அவர்களோடு கோடை வெயிலில் நடந்து வந்தவர்களும் மண்டபத்துக்குள் நுழையும்போது வாழையிலை விரிந்து, சோறும் ஏழு கறியும் தயாராக இருக்க வேண்டும். போன ஆண்டு கோவில் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, ஆயிரம் இலைக்குச் சொல்லிவிடு, முழு எண்ணாக இருக்கட்டும்" என்றார். நான், "ஆயிரம் வேண்டாம் ஐயா, 1260 வாங்குவோம்" என்றேன்.

காரணம் இதுதான். அன்று எத்தனை மேசை போடுவோம் என்பது காலையில்தான் தெரியும். ஜனவரி, பிப்ரவரி எங்களுக்குச் சூறாவளிக் காலம். மழை கொட்டினால் முற்றத்துப் பந்தி கிடையாது, மண்டபத்துக்குள் நெருக்கி உட்கார வைக்க வேண்டும். ஒரு வரிசைக்கு 12 பேரா, 14 பேரா, 15 பேரா, 18 பேரா என்பது அந்த நேரத்து முடிவு. பரிமாற வரும் இளைஞர்கள் ஐந்து குழுவாகவும் வரலாம், ஏழு குழுவாகவும் வரலாம். ஆயிரம் இலையைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால் கடைசியில் நான்கு மிஞ்சும்; ஏழு குழுவுக்குப் பிரித்தால் ஆறு மிஞ்சும்; மூன்றாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். 1260 இதில் எந்தக் கேள்விக்கும் மீதி வைக்காது. பெரியவர் காகிதத்தில் தாமே வகுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த ஆண்டு பந்தி முடிந்து கைகழுவிய பிறகு எனக்குள் நெடுநாளாகக் கிடந்த ஓர் எண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. பதின்மூன்று இலக்கம் கொண்ட எண் அது: 67,46,32,83,88,800. சொல்லிப் பார்த்தால், 6 இலட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவர், கணக்குப் பொறி எதுவுமில்லாமல், 1915இல் கண்டு எழுதிய எண்.

பள்ளியில் படித்ததை ஒரு நிமிடம் நினைவுபடுத்திக்கொள்வோம். தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண், பகா எண்: 2, 3, 5, 7, 11 என்று போகும். ஒன்றைவிடப் பெரிய மற்ற எண்கள் எல்லாம் பகு எண்கள், அதாவது பகா எண்களைப் பெருக்கிக் கட்டியவை. 840ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது 2 × 2 × 2 × 3 × 5 × 7. இதன் காரணிகள், அதாவது இதை மீதியின்றி வகுக்கும் எண்கள், எத்தனை என்று அறிய ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு காரணியை உண்டாக்க வேண்டுமானால் இந்தக் குவியலிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். 2 மூன்று முறை இருப்பதால் அதில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு எடுக்கலாம், மூன்றும் எடுக்கலாம்: நான்கு வழி. 3ஐ எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டு வழி. 5க்கும் 7க்கும் அப்படியே. 4 × 2 × 2 × 2 = 32. ஆக, 840க்கு 32 காரணிகள்.

இதே கணக்கை ஆயிரத்துக்குப் போட்டால் வியப்பு காத்திருக்கிறது. 1000 என்பது மூன்று 2, மூன்று 5. 4 × 4 = 16 காரணிகள். 840 ஆயிரத்தைவிடச் சிறியது, ஆனால் அதைவிடச் சரியாக இரண்டு மடங்கு வழிகளில் பங்கிடக் கூடியது. எங்கள் ரூபாய் நோட்டில் மிகப் பெரிதான 2000க்கு 20 காரணிகள்தாம்; அதைவிடச் சிறிய 1680க்கு 40. பத்து, நூறு, ஆயிரம் என்பவை நம் கைவிரல்களிலிருந்து பிறந்த எண்கள். எண்ணுவதற்கு வசதி, பங்கிடுவதற்கு அத்தனை வசதி இல்லை. ஆயிரம் ரூபாயை மூன்று பேருக்குச் சதம் மிஞ்சாமல் பிரிக்க முயன்ற எவருக்கும் இது தெரியும்.

நோட்டு என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மொரீஷியஸ் நோட்டில் தமிழும் தமிழ் எண்ணும் அச்சாகின்றன. 1998இல் வெளிவந்த புதிய நோட்டுகளில் தமிழ் மூன்றாம் இடத்துக்குப் போனபோது நம் மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, மறு ஆண்டு பழைய வரிசையிலேயே வெளிவந்தன. வீட்டில் கிரியோல் பேசி, கடையில் பிரெஞ்சில் எண்ணி, கோவிலில் தமிழில் பாடும் ஒரு சமூகம் தன் எண்ணுருக்களுக்காக அப்படி நின்றது எனக்கு இன்றும் பெருமை.

அந்தப் பிரெஞ்சு எண்ணலிலும் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. எண்பதுக்கு எங்கள் பிள்ளைகள் "காத்ரோவேன்" என்கிறார்கள். பொருள், நான்கு இருபது. எண்ணின் பெயரிலேயே அதன் காரணிகள் வந்துவிட்டன. தமிழில் 'காணி' என்ற பின்னம் இதே எண்பதில் ஒரு பங்கு. காணியில் கால் பங்கு முந்திரி, அதாவது 320இல் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று. நிலத்தையும் நெல்லையும் அளந்த நம் முன்னோர் ஒன்றை மறுபடி மறுபடி பாதியாக்கியும் ஐந்தாக்கியும் இந்த அடுக்கைக் கட்டினார்கள். 320ஐப் பிரித்தால் ஆறு 2, ஒரு 5. அதில் 3 இல்லை. அதனால்தான் கால், அரைக்கால், வீசம் என்று எத்தனையோ சொல்லி முடித்தாலும், சரியாக மூன்றில் ஒரு பங்கு அந்த அடுக்குக்குள் அகப்படுவதில்லை. எந்த எண்ணை அடியில் வைக்கிறோமோ அதன் காரணிகள்தாம் மேலே என்னென்ன பங்கு கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

ராமானுஜன் கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தனக்கு முன் வந்த எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகள் கொண்ட எண்கள் எவை? 2க்கு இரண்டு காரணிகள், 4க்கு மூன்று, 6க்கு நான்கு, 12க்கு ஆறு, 24க்கு எட்டு. ஒவ்வொன்றும் வரும்போது ஒரு பழைய சாதனை முறிகிறது. 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840, 1260 என்று வரிசை போகிறது. இவற்றை உயர்பகு எண்கள் என்று சொல்லலாம். பகா எண்களின் நேர் எதிர்முனையில் நிற்பவை இவை. பகா எண் பங்கிட மறுக்கும். உயர்பகு எண் தன் அளவுக்குள் எத்தனை வழிகள் இயலுமோ அத்தனையையும் திறந்து வைக்கும். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று பழைய உலகம் தேர்ந்துகொண்ட எண்கள் எல்லாம் இந்த வரிசையில் இருப்பதைப் பாருங்கள்.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக வேலை பார்த்த ராமானுஜன் 1914 மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த மறு ஆண்டே, 1915இல், இந்த எண்களைப் பற்றி அறுபது பக்கத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1916 மார்ச்சில் அவருக்குப் பட்டம் கிடைத்தது இந்த ஆய்வுக்காகத்தான். அந்தக் கட்டுரையில் ஒரு நீண்ட அட்டவணை இருக்கிறது. 102 உயர்பகு எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் காரணிகளின் எண்ணிக்கை. அட்டவணையின் கடைசி வரிசையில் நிற்பதுதான் நான் மேலே சொன்ன 67,46,32,83,88,800.

அதைப் பிரித்து எழுதினால் இப்படி வரும்: ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை. முன்பு சொன்ன முறையில் காரணிகளை எண்ணுவோம். 2க்கு ஏழு வழி, 3க்கு ஐந்து, 5க்கு மூன்று, 7க்கு மூன்று, மற்ற ஐந்து பகா எண்களுக்கும் இரண்டிரண்டு. 7 × 5 × 3 × 3 = 315. அதோடு 2ஐ ஐந்து முறை பெருக்க, 315 × 32 = 10,080.

பத்தாயிரத்து எண்பது. இந்த எண்ணை முதன்முதலில் கணக்கிட்டபோது எங்கேயோ பார்த்த முகமாகத் தெரிந்தது. பிறகுதான் பிடிபட்டது: 7 நாள், நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம். பெருக்கினால் 10,080. ஒரு வாரத்தின் நிமிடங்கள்! ஞாயிறு நள்ளிரவில் எழுதத் தொடங்கி, தூங்காமல், நிமிடத்துக்கு ஒரு காரணி வீதம் இந்த எண்ணின் காரணிகளை எழுதிக்கொண்டே போனால், அடுத்த ஞாயிறு நள்ளிரவு மணி அடிக்கும் நொடியில் கடைசிக் காரணியை எழுதி முடிப்போம். ஒரு நிமிடம் மிஞ்சாது, ஒரு நிமிடம் குறையாது. 1, 2, 3, 4 என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் முதல் 28 நிமிடம் ஓர் எண்கூட விடுபடாது. 1 முதல் 28 வரை எல்லாமே இதன் காரணிகள். 29ஆம் நிமிடத்தில்தான் முதல் தாண்டல்: 29 இதற்குள் இல்லை, 30 இருக்கிறது.

சும்மா பெரிய எண்ணாக இருந்தால் மட்டும் இது வாய்க்காது. இந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டுங்கள், 67,46,32,83,88,801. அளவில் ஏறக்குறைய அதே எண்தான். ஆனால் 2 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி 1 நிற்கும். ஒரே ஓர் இலை கூடிப்போனால் பந்தி முழுவதும் கலைந்துவிடுவதுபோல.

சரி, இப்படிப்பட்ட எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? 67 இலட்சம் கோடி... இல்லை, கிட்டத்தட்ட ஆறே முக்கால் இலட்சம் கோடி எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. ராமானுஜனின் வழி, எண்ணைத் தேடாமல் எண்ணின் உருவத்தைத் தேடுவது.

75ஐ எடுங்கள்: 3 × 5 × 5. காரணிகள் ஆறு. இதில் 3க்கும் 5க்கும் இடம் மாற்றினால் 3 × 3 × 5 = 45. இதற்கும் ஆறு காரணிகள்தாம், ஆனால் எண் சிறுத்துவிட்டது. இன்னும் சிறிய பகா எண்களைப் போட்டால் 2 × 2 × 3 = 12. அதே ஆறு காரணிகள்! ஆகவே 75ஆலோ 45ஆலோ எந்தச் சாதனையையும் முறிக்க முடியாது; 12 முன்பே வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. உயர்பகு எண்ணில் பகா எண்கள் இடைவெளியில்லாமல் வரிசையாக வர வேண்டும், நடுவில் ஒன்றைத் தாண்டக் கூடாது. சிறிய பகா எண் எத்தனை முறை வருகிறதோ, அதற்கு அடுத்தது அத்தனை முறையோ அதற்குக் குறைவாகவோதான் வரலாம். நம் எண்ணில் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று படிக்கட்டுப்போல் இறங்குவதைப் பாருங்கள். கோபுரத்தின் அடித்தளம் அகன்று, மேலே போகப் போகக் குறுகுவதுபோல. 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்ற எல்லா உயர்பகு எண்களிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதையும் ராமானுஜன் நிறுவினார்.

உருவம் தெரிந்துவிட்டது. ஆனால் 2 ஏன் ஆறு முறை, ஏன் ஏழு முறை இல்லை? இதைச் சந்தைக் கணக்காகப் பார்க்கலாம். ஒரு பகா எண்ணைச் சேர்த்தால் எண் எத்தனை மடங்கு பெருகுகிறதோ, அது விலை. காரணிகள் எத்தனை மடங்கு பெருகுகின்றனவோ, அது வரவு. நம் எண்ணில் இன்னொரு 2ஐச் சேர்த்தால் விலை 2 மடங்கு. வரவோ ஏழு வழி எட்டு வழியாவது மட்டுமே, அதாவது ஏழில் ஒரு பங்குதான் கூடும். புதிதாக 29ஐச் சேர்த்தால் விலை 29 மடங்கு, ஆனால் காரணிகள் அப்படியே இரட்டிக்கும். 29 விலை அதிகமாகத் தோன்றும். ஆனால் 2ஐயே திரும்பத் திரும்பப் போட்டுக் காரணிகளை இரட்டிக்க வேண்டுமானால் ஏழு வழியைப் பதினான்கு வழியாக்க வேண்டும். அதற்கு இன்னும் ஏழு 2கள் வேண்டும், விலை 128 மடங்கு. 29 எவ்வளவு மலிவு என்பது இப்போது விளங்கும். மடக்கையைக் கொண்டு இந்த விலையையும் வரவையும் ஒப்பிட்டு, எந்தக் கட்டத்தில் எந்தப் பகா எண்ணை வாங்குவது நல்லது என்று ராமானுஜன் கணக்கிட்டார். அந்த வழியில் மட்டும் போனால் உயர்பகு எண்களிலும் சிறப்பானவை சில கிடைக்கின்றன: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440 என்று. ஒவ்வொன்றும் முன்னதை ஒரு பகா எண்ணால் பெருக்கியது. அவருடைய கடைசி எண், இந்தச் சிறப்பு வரிசையிலுள்ள 22,48,77,61,29,600 என்ற எண்ணின் சரியான மூன்று மடங்கு. சமனின்மைகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கிருந்த அபாரமான ஆற்றலை இந்தக் கட்டுரைக்காக, கேம்பிரிட்ஜில் அவரோடு பணியாற்றிய கணித அறிஞர் ஹார்டி மெச்சினார். படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு: ஒரு நல்ல கணக்கப்பிள்ளையின் சிக்கனம் இதில் இருக்கிறது. ஒரு காசு வீணாகாமல் அதிகபட்சப் பங்கு வாங்கத் தெரிந்த மனம்.

எல்லாப் பெரிய பகு எண்களும் இப்படித் திறந்த மனத்தோடு இருப்பதில்லை. 2ஐ 67 முறை பெருக்கி அதில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 என்ற 21 இலக்க எண் கிடைக்கும். இது பகு எண் என்பதை 1876இலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ் காட்டிவிட்டார், ஆனால் எவற்றின் பெருக்கம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் அதன் இரு காரணிகளை முன்வைத்தார்: 193707721, 761838257287. இரண்டும் பகா எண்கள். ஆகவே 21 இலக்கமிருந்தும் அதற்கு மொத்தம் நான்கே காரணிகள். எழுதி முடிக்க நான்கு நிமிடம் போதும். 13 இலக்க எண்ணுக்கு ஒரு வாரம், 21 இலக்க எண்ணுக்கு நான்கு நிமிடம்! இப்படி இரண்டே பெரிய பகா எண்களைப் பெருக்கிய எண்ணைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பதை நம்பித்தான் 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் மூவரும் ஒரு மறையாக்க முறையை அமைத்தார்கள். அது இன்றும் இணையத்தில் புழங்குகிறது. பூட்டுக்கு உதவும் பகு எண் ஒரு வகை, பந்திக்கு உதவும் பகு எண் இன்னொரு வகை. என் மனம் இரண்டாவதன் பக்கம்தான்.

பந்தியின் பக்கம் மனம் சாய்ந்தவர்களில் பிளாட்டோவும் ஒருவர். அவர் கற்பனை செய்த நகரத்துக்கு 5040 குடிகள் என்று வகுத்தார். நிலத்தைப் பிரிக்க, படையைப் பிரிக்க, வரியைப் பிரிக்க அந்த எண்ணே உகந்தது என்பது அவர் எண்ணம். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும், மொத்தம் 60 காரணிகள். 5040 ராமானுஜனின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்கு இன்னொரு பெருமை வந்து சேர 1984 ஆக வேண்டியிருந்தது.

ஓர் எண்ணின் காரணிகளை எண்ணுவதற்குப் பதில் அவற்றையெல்லாம் கூட்டினால் என்ன வரும்? 5040இன் காரணிகளைக் கூட்டினால் 19,344. அதாவது அந்த எண்ணைப் போல் 3.838 மடங்கு. எண் பெருகப் பெருக இந்த மடங்கு எவ்வளவு தூரம் உயர்கிறது என்று பார்க்க ஒரு வரம்பை அளவுகோலாக வைக்கலாம். அந்த எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி மடக்கை எடுத்து 1.781ஆல் பெருக்கினால் அந்த வரம்பு கிடைக்கும். 5040க்கு வரம்பு 3.817, எண்ணின் மடங்கோ 3.838, வரம்பைத் தாண்டிவிட்டது. 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் இந்த வரம்பைத் தொடாது என்று நிறுவிவிட்டால், ரீமான் கருதுகோளையே நிறுவியதாகும் என்று 1984இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கய் ராபின் காட்டினார். 1859இலிருந்து யாராலும் முடிக்க முடியாமல் நிற்கும், பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றிய கருதுகோள் அது. பகா எண்களின் மிக ஆழமான கேள்வி, அவற்றுக்கு எதிர்முனையில் நிற்கும் எண்களின் வாசலில் வந்து நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

நம் எண்ணுக்கும் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்த்தேன். காரணிகளின் கூட்டுத்தொகை 3,94,13,83,23,53,280. எண்ணைப் போல் 5.842 மடங்கு. வரம்பு 6.030. வரம்புக்குள் அடங்கியிருக்கிறது, ஆனால் நெருக்கமாக.

ராமானுஜனின் 1915 கட்டுரை முழுதாக அச்சாகவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். போர்க்காலம், லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை. காரணிகளின் கூட்டுத்தொகையைப் பற்றிய ஆய்வு உட்பட ஒரு பகுதி வெளியே நிறுத்தப்பட்டது. அது அச்சேற 1997 வரை காத்திருந்தது. அதைக் குறிப்புகளோடு வெளியிட்ட இருவர் ழான் லூயி நிகோலாவும், அதே கய் ராபினும்.

அந்த அட்டவணையில் ஒரு விடுபாடும் உண்டு. 102 எண்களை எழுதிய கை ஒன்றே ஒன்றை விட்டுவிட்டது: 2,93,31,86,25,600. அதற்குமுன் வருவது 2,40,94,02,99,600, காரணிகள் 4800. அதற்குப்பின் வருவது 3,21,25,37,32,800, காரணிகள் 5376. இடையில் 5040 காரணிகளோடு நிற்க வேண்டிய எண் அட்டவணையில் இல்லை. மூன்றையும் பிரித்து அருகருகே எழுதினால் ஒன்று கண்ணில் படும். முன்னதும் பின்னதும் 23 வரை போகின்றன, 7 ஒரு முறைதான் வருகிறது. விடுபட்டதோ 19ஓடு நின்றுவிட்டு 7ஐ இரண்டு முறை வைத்திருக்கிறது. அண்டை வீட்டுக்காரர்கள் இருவரும் ஒரே சாயலில் இருக்க, நடுவில் வேறு சாயலில் ஒருவர். கையால் தேடுகிறவர் கண்ணுக்குத் தப்பியதில் வியப்பில்லை.

சனிக்கிழமை மாலைகளில் கோவிலை ஒட்டிய அறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். சில நாள் தமிழிலேயே கணக்கும். காவடிக்குப் பிந்தைய சனிக்கிழமை இந்தக் கதையைச் சொல்லி, விடுபட்ட எண்ணைக் கரும்பலகையில் பிரித்து எழுதினேன். ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, 11, 13, 17, 19. அதற்கு மேலே, முன்பே எழுதியிருந்த கடைசி எண்ணின் வரிசை அழிக்கப்படாமல் கிடந்தது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"ஐயா, இரண்டும் ஒன்றுதானே? மேலே இருப்பதில் 23 மட்டும் கூட."

திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்! எத்தனையோ ஆண்டுகளாக இந்த இரண்டு எண்களையும் தனித்தனியே மனப்பாடமாக வைத்திருந்த எனக்கு இது தோன்றியதே இல்லை. ராமானுஜன் எழுத மறந்த எண், அவர் எழுதி முடித்த கடைசி எண்ணுக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. 23 சேர்ந்ததும் காரணிகள் இரட்டிப்பாகின்றன: 5040, பிறகு 10,080. மூன்றரை நாள், பிறகு ஒரு வாரம்.

அவளையே கரும்பலகைக்கு அழைத்தேன். கடைசி எண்ணுக்குக் கீழே 29 என்று எழுதிப் பெருக்கச் சொன்னேன். சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி, வாய்க்குள் கிரியோலில் எண்ணிக்கொண்டே, நிதானமாகப் பெருக்கினாள். 19,56,43,52,32,75,200. ஓர் இடத்தில் பிழை வந்து, அழித்து, மறுபடி போட்டாள். பிறகு காரணிகளை எண்ணப் பக்கத்தில் ஏழு, ஐந்து, மூன்று, மூன்று என்று எழுதி, அதன்பின் ஆறு 2களை வரிசையாக வைத்தாள்.

"20,160" என்றாள். ஒரு கணம் கூரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இரண்டு வாரம், ஐயா."